முடிவிலாச் சிறியதும் முடிவிலாப் பெரியதும்: எல்லைக் கணக்கில் ஒப்பிடும் முறை, படிப்படியாக

ஜூலை மாதம், கரும்பு வெட்டு தொடங்கியிருந்த வாரம். அடுத்த வீட்டுப் பெண் ஒரு தாளோடு வந்து நின்றாள். இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரியூனியன் தீவின் கிழக்குக் கரையில், சேன்-ஆந்த்ரேயில் குடியிருக்கிறோம். அவள் குடும்பம் காரைக்காலிலிருந்து வந்தது, எங்களுடையது புதுச்சேரி. லிசேயின், அதாவது பிரெஞ்சு மேல்நிலைப் பள்ளியின், கடைசி வகுப்பை முடித்துவிட்டாள். ஆகஸ்டில் பொறியியல் நுழைவுத் தேர்வுக்கான ஆயத்த வகுப்பு. தாளில் ஒரே ஒரு கணக்கு:

(டேன் ம − சைன் ம) / ம³, ம பூஜ்ஜியத்தை நெருங்கும்போது எல்லை என்ன?

"மாமா, ம சிறியதாக இருந்தால் டேன் ம என்பதும் ம, சைன் ம என்பதும் ம. ம-வில் ம போனால் பூஜ்ஜியம். விடை பூஜ்ஜியம்தானே? புத்தகத்தில் 1/2 என்று போட்டிருக்கிறது. அச்சுப் பிழையா?"

பூஜ்ஜியத்தைச் சுற்றி இரண்டு முறை வட்டம் போட்டிருந்தாள். அழித்து அழித்து எழுதியதில் அந்த இடத்தில் தாள் தேய்ந்து வெளிச்சம் தெரிந்தது. அச்சுப் பிழை இல்லை. அவள் சொன்ன முதல் வாக்கியத்திலும் பிழை இல்லை. பிழை எங்கே நுழைந்தது என்பதைக் காட்ட அன்று மாலை முழுவதும் ஆயிற்று. அந்த மாலையைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். இந்தத் தீவில் பிள்ளைகள் கணக்கைப் பிரெஞ்சில் படிக்கிறார்கள். புரியாதபோது வீட்டில் தமிழில் கேட்கிறார்கள். தமிழில் பதில் சொல்ல நமக்குச் சொற்கள் இருக்க வேண்டும்.

குறியீடுகளை முதலில் சொல்லிவிடுகிறேன். எல்லை என்றால், மாறி தன் இலக்கை நெருங்கும்போது கோவை நெருங்கும் மதிப்பு. → குறியை "நோக்கிப் போகிறது" என்று வாசியுங்கள்; ∞ என்றால் முடிவிலி. மாறி ம. 1, 2, 3 என்று ஏறும் முழு எண் ந. 2.71828… என்ற எண் எ. அடுக்குக்கு ^ குறி. மடக்கை என்றால் எ-யை அடியாகக் கொண்ட இயல்மடக்கை. கோணங்கள் எல்லாம் ரேடியனில்.

சிறியது என்று எதைச் சொல்கிறோம்

0.000001 சிறிய எண்தான். ஆனால் முடிவிலாச் சிறியது அல்ல. பூஜ்ஜியம் அல்லாத எந்தத் தனி எண்ணும் முடிவிலாச் சிறியது ஆகாது, ஏனென்றால் அந்தச் சொல் ஒரு போக்கைக் குறிக்கிறது. நீங்கள் எவ்வளவு சிறிய வரம்பு விதித்தாலும், மாறி தன் இலக்கை நெருங்க நெருங்க அந்த வரம்புக்குள் புகுந்து, பிறகு வெளியே வராமல் அங்கேயே தங்கிவிடும் அளவு எதுவோ, அது முடிவிலாச் சிறியது. எவ்வளவு பெரிய மதில் கட்டினாலும் அதைத் தாண்டி, பிறகு திரும்பாமல் போகும் அளவு முடிவிலாப் பெரியது. ஒன்றைத் தலைகீழாக்கினால் மற்றது: ம பூஜ்ஜியத்தை நோக்கிப் போனால் 1/ம-வின் அளவு முடிவிலி நோக்கிப் போகும். ஆகவே ஒன்றை ஒப்பிடக் கற்றுக்கொண்டால் இரண்டையும் கற்றதாகும்.

அந்தப் பெண்ணுக்கு இதை விளக்க என் தாத்தா காலத்து எண்சுவடிக் கணக்கை எடுத்தேன். நம் முன்னோர் நிலத்தையும் நெல்லையும் பங்கிட்டவர்கள்; சிறு பின்னங்களுக்குத் தனித்தனிப் பெயர் வைத்திருந்தார்கள். மா என்பது 1/20. காணி 1/80. முந்திரி 1/320. அதற்குக் கீழே கீழ்முந்திரி: முந்திரியில் முந்திரிப் பங்கு, அதாவது 1/1,02,400. முந்திரியும் சிறிது, கீழ்முந்திரியும் சிறிது. ஆனால் ஒரு முந்திரியை நிரப்ப 320 கீழ்முந்திரி வேண்டும்.

இப்போது 320 என்பதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ந என்று வையுங்கள். ந-வை வளர விடுங்கள். 1/ந ஒன்று, 1/ந² மற்றொன்று. இரண்டும் பூஜ்ஜியத்தை நோக்கித்தான் போகின்றன. ஆனால் முதலாவதை நிரப்ப இரண்டாவது ந தடவை வேண்டும். அந்த ந-வுக்கே முடிவில்லை. 1/ந முதல் வரிசைச் சிறுமை என்றால், 1/ந² இரண்டாம் வரிசைச் சிறுமை. பூஜ்ஜியத்தை நோக்கிப் போகும் இரண்டு அளவுகளில் ஒன்று மற்றொன்றின் முன் இல்லாமலே போய்விட முடியும் என்பது இங்கே கண்ணுக்குத் தெரிகிறது. எண்சுவடிக்காரர்கள் எல்லைக் கணக்குப் போடவில்லை. ஆனால் கீழ்முந்திரி என்ற சொல்லே வரிசையைச் சொல்லிவிடுகிறது.

முதல் படி: மாறி எங்கே போகிறது?

கணக்கில் கை வைக்கும் முன் இதைக் கேளுங்கள். அற்பம் என்றும் பெரிது என்றும் ஒரு கோவையைப் பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. மாறி எங்கே போகிறது என்று தெரிந்த பிறகுதான் சொல்ல முடியும். இதை மனத்தில் பதிய வைக்கக் கடற்கரைக்குப் போகலாம்.

மேற்குக் கரையில், சேன்-ழில் மணலில் நின்று கடலைப் பார்க்கிறீர்கள். கண்ணின் உயரம் உ. பூமியின் ஆரம் ஆ, அதாவது 6,371 கி.மீ. காற்றில் ஒளி சற்று வளைவதை விட்டுவிட்டால், பித்தாகரஸ் தேற்றத்தின்படி தொடுவானத்தின் தூரம் √(2ஆஉ + உ²).

கண் உயரம் 1.7 மீட்டர் என்றால் தூரம் சுமார் 4.65 கி.மீ. உள்ளே இருக்கும் உ² என்ற உறுப்பை அடித்துவிட்டுக் கணக்கிட்டால் விடை எவ்வளவு மாறும்? சுமார் 0.3 மில்லிமீட்டர். நான்கரைக் கிலோமீட்டருக்கு மேல் போகும் பார்வையில் ஒரு மணல் துகள் அளவு.

இப்போது தீவின் உச்சிக்கு ஏறுங்கள்: பிதோன் தே நேஜ், ஏறத்தாழ 3,070 மீட்டர். தொடுவானம் 198 கி.மீ. அளவுக்கு விலகிவிடுகிறது. உ²-ஐ விட்டால் வரும் பிழை சுமார் 24 மீட்டர். பிழை வளர்ந்திருக்கிறது, ஆனாலும் அற்பம். உ² என்பது 2ஆஉ-வில் உ/2ஆ பங்கு. மலையுச்சியில் அந்தப் பங்கு ஏறத்தாழ 4,150-இல் ஒன்று, கடற்கரையில் ஏறத்தாழ 75 லட்சத்தில் ஒன்று. உ பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க அந்தப் பங்கும் பூஜ்ஜியத்தை நெருங்குகிறது. ஆகவே உ → 0 என்றால் தூரம் √(2ஆஉ)-வுக்கு நிகர், அதாவது இரண்டின் விகிதம் 1-ஐ நெருங்குகிறது.

இன்னும் மேலே போங்கள். புவிநிலைச் செயற்கைக்கோளின் உயரம் 35,786 கி.மீ. அங்கே 2ஆஉ-வைவிட உ² இரண்டு மடங்குக்கு மேல் பெரியது. இன்னும் தொலைவுக்குப் போனால் உ² மட்டுமே மிஞ்சும். உ → ∞ என்றால் தூரம் உ-வுக்கே நிகர். கடற்கரையில் தூக்கி எறிந்த அதே உறுப்பு இங்கே ஆள்கிறது. கோவை ஒன்றுதான், போகுமிடம் மாறிவிட்டது.

மாணவர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் "பெரிய அடுக்கு ஜெயிக்கும்" என்ற வாக்கியம் பாதிதான் உண்மை. முடிவிலியில் பெரிய அடுக்கு ஆளும். பூஜ்ஜியத்தருகே சிறிய அடுக்கு ஆளும். 5ம + ம³ என்பது பூஜ்ஜியத்தருகே 5ம, முடிவிலியில் ம³. மாறி 2-ஐ நோக்கிப் போனால்? ம = 2 + க என்று எழுதி, க-வைப் பூஜ்ஜியத்துக்கு அனுப்புங்கள். எல்லாக் கணக்கையும் பூஜ்ஜியத்துக்கோ முடிவிலிக்கோ கொண்டுவந்துவிடலாம்.

இரண்டாம் படி: விகிதத்தை எடுங்கள்

0/0, ∞/∞ என்பவை விடைகள் அல்ல. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் தேறப்பெறாத வடிவங்கள் என்று இவற்றைச் சொல்கின்றன; நல்ல பெயர். இரண்டு பேரும் போகிறார்கள் என்பது மட்டும் தெரிந்திருக்கிறது. யார் முந்துகிறார் என்பது தேறவில்லை. அதைத் தேற்றும் ஒரே கருவி விகிதம்.

அ, ஆ என்று இரண்டு சார்புகள். அ/ஆ-வின் எல்லையைப் பாருங்கள். பூஜ்ஜியம் வந்தால் அ, ஆ-வின் முன் அற்பம். முடிவிலி வந்தால் ஆ, அ-வின் முன் அற்பம். பூஜ்ஜியம் அல்லாத ஓர் எண் வந்தால் இரண்டும் ஒரே வரிசை. அந்த எண் சரியாக 1 என்றால் இரண்டும் நிகர். இதை அ ~ ஆ என்று எழுதுகிறோம். முதல் நிலைக்கு அ = ஓ(ஆ) என்ற எழுத்துமுறை உண்டு. "அ என்பது ஆ-வின் சிறிய ஓ" என்று வாசிக்கலாம். இந்தச் சிறிய ஓ-வை 1909-இல் ஜெர்மானியக் கணிதவியலாளர் லண்டாவ் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்.

நான்காவது ஒரு நிலையும் உண்டு, பலரும் அதைச் சொல்லித்தருவதில்லை: விகிதத்துக்கு எல்லையே இல்லாமல் போகலாம். ம × சைன்(1/ம) என்பதும் ம என்பதும் பூஜ்ஜியத்தருகே இரண்டும் சிறியவை. விகிதம் சைன்(1/ம), அது −1-க்கும் 1-க்கும் இடையே ஓயாமல் ஊசலாடுகிறது. இந்த இருவரில் யார் சிறியவர் என்ற கேள்விக்கு விடை கிடையாது. எல்லா இணைகளையும் ஒப்பிட்டுவிடலாம் என்று நினைக்க வேண்டாம்.

மூன்றாம் படி: பூஜ்ஜியத்தருகே கைவசம் இருக்க வேண்டியவை

இவற்றை வாய்ப்பாடு போல வைத்துக்கொள்ளுங்கள். ம → 0 என்றால்:

சைன் ம ~ ம
டேன் ம ~ ம
எ^ம − 1 ~ ம
மடக்கை(1 + ம) ~ ம
√(1 + ம) − 1 ~ ம/2
1 − கொசைன் ம ~ ம²/2

கடைசி வரி மட்டும் இரண்டாம் வரிசை; அதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ம = 0.1 என்று கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள்: 1 − கொசைன் 0.1 = 0.004996. வாய்ப்பாடு சொல்வது 0.005. மற்ற ஐந்தும் 0.1 அல்லது 0.05-க்குப் பக்கத்தில் நிற்க, இது மட்டும் ஒரு படி கீழே போய்விட்டது.

ம-வின் இடத்தில் பூஜ்ஜியத்தை நோக்கிப் போகும் எதையும் வைக்கலாம். ந → ∞ என்றால் சைன்(3/ந) ~ 3/ந. ஆனால் உள்ளே இருப்பது பூஜ்ஜியத்தை நோக்கிப் போகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். ம முடிவிலிக்குப் போகும்போது சைன் ம ~ ம என்று எழுதிய விடைத்தாள்களை நான் திருத்தியிருக்கிறேன்.

நான்காம் படி: முடிவிலியின் ஏணி

ம → ∞ என்றால், கீழிருந்து மேலாக:

மடக்கை ம, பிறகு ம-வின் நேர் அடுக்குகள் (சிறியது முதல் பெரியது வரை), பிறகு எ^ம போன்ற அடுக்குச் சார்புகள். முழு எண் ந என்றால் அதற்கும் மேலே ந-வின் காரணியப் பெருக்கம் (1 × 2 × 3 × … × ந), அதற்கும் மேலே ந^ந. ஒவ்வொரு படியும் மேற்படியின் முன் அற்பம்.

மனப்பாடம் செய்தால் போதாது. இந்த ஏணி கண்ணை ஏமாற்றும். ம^10-ஐயும் 2^ம-வையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ம = 10-இல் முதலாவது ஆயிரம் கோடி; இரண்டாவது வெறும் 1,024. ம = 58 வரை ம^10 தான் முன்னால். 59-இல் 2^ம முந்துகிறது. ம = 100-இல் முதலாவது 21 இலக்க எண், இரண்டாவது 31 இலக்க எண்.

ஏன் முந்தியே தீர வேண்டும்? ம-வை ஒன்று கூட்டுங்கள். 2^ம ஒவ்வொரு முறையும் சரியாக இரண்டால் பெருகுகிறது. ம^10 பெருகுவது (1 + 1/ம)^10 மடங்கு. ம = 14 முதலே இந்த மடங்கு 2-க்குக் கீழே இறங்கிவிடுகிறது; ம = 20-இல் 1.63, பிறகு 1-ஐ நோக்கித் தேய்கிறது. ஆகவே 20-க்குப் பிறகு ஒவ்வொரு அடியிலும் இரண்டின் விகிதம் குறைந்தது 1.22 மடங்கு வளர்கிறது. அப்படி வளர்வதை எந்த முன்தொகையும் தடுத்து நிறுத்த முடியாது. 10-இன் இடத்தில் 1,000 வைத்தாலும், 2-இன் இடத்தில் 1.001 வைத்தாலும் இதே வாதம் நிற்கும். முந்தும் இடம்தான் தள்ளிப் போகும்.

ஏணியின் கீழ்க்கோடியில் ஏமாற்றம் இன்னும் கூடுதல். மடக்கை ம-வையும் ம^(1/10)-ஐயும் எடுங்கள். ம = 10^15, அதாவது ஒன்றுக்குப் பின் 15 பூஜ்ஜியம். மடக்கை 34.5, பத்தாம் மூலம் 31.6. இன்னும் மடக்கைதான் பெரியது! 10^16-இல்தான் 36.8-க்கு எதிராக 39.8 என்று பத்தாம் மூலம் முந்துகிறது. கால்குலேட்டரில் லட்சம், கோடி என்று போட்டுப் பார்த்து எல்லையை ஊகிக்கும் பழக்கம் உள்ளவர்கள் இந்த இடத்தில் நிச்சயம் தவறுவார்கள். எண் போட்டுப் பார்ப்பது விடையைச் சரிபார்க்க உதவும். விடையை நிறுவ உதவாது.

இதே ஏணியைக் கவிழ்த்தால் பூஜ்ஜியத்தின் பக்கம் கிடைக்கிறது. ம × மடக்கை ம, ம நேர் எண்ணாக இருந்து பூஜ்ஜியத்துக்குப் போகிறது: சிறியது ஒன்று, பெரியது ஒன்று, பெருக்கல். ம = 1/க என்று வைத்தால் −(மடக்கை க)/க என்று ஆகிறது; க → ∞. ஏணியில் மடக்கை கீழே, விடை பூஜ்ஜியம். ம = 0.001-இல் −0.0069 வருவதைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: எங்கே மாற்றிப் போடலாம், எங்கே கூடாது

அவளுடைய தாளுக்கு இப்போதுதான் வருகிறோம். ஒரு மாணவர் எத்தனை மதிப்பெண் இழப்பார் என்பது பெரும்பாலும் இந்த ஒரு படியில் முடிவாகிறது; ஆகவே இங்கே சற்று நிற்கலாம்.

பெருக்கலிலும் வகுத்தலிலும் ஒரு காரணியை அதன் நிகரால் தாராளமாக மாற்றலாம். ~ குறியின் பொருளே விகிதம் 1 என்பதுதான்; விகிதங்களைப் பெருக்கினால் 1 × 1 = 1. எனவே (சைன் ம × (எ^ம − 1)) / (1 − கொசைன் ம) என்பதை அச்சமில்லாமல் ம × ம ÷ (ம²/2) என்று எழுதி, விடை 2 என்று சொல்லலாம்.

கூட்டல், கழித்தலில் அந்த உரிமை இல்லை. டேன் ம ~ ம என்றால் டேன் ம என்பது ம-வுடன் ஏதோ ஒரு மிச்சம். அந்த மிச்சம் ம-வின் முன் அற்பம். சைன் ம என்பதும் அப்படியே, வேறொரு மிச்சத்துடன். கழிக்கும்போது இரண்டு ம-வும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடுகின்றன. மிஞ்சுவது எது? அற்பம் என்று நாம் தள்ளிவைத்த அந்த மிச்சங்கள்தான். கேள்வி கேட்பது அவற்றைப் பற்றி மட்டுமே. நாமோ அவற்றை முன்பே எறிந்துவிட்டோம்.

இங்கே கரும்பு லாரிகளை ஏற்றத்தோடு ஒரு முறையும் இறக்கிய பிறகு ஒரு முறையும் எடைமேடையில் நிறுத்துகிறார்கள். எடைமேடை 20 கிலோ துல்லியத்தில் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். டன் கணக்கில் கரும்புக்கு அது போதும். அதே மேடையில், ஒரு கரும்பை லாரியில் வைத்தும் எடுத்தும் நிறுத்து, இரண்டு எடையும் ஒன்றே என்பதால் அந்தக் கரும்புக்கு எடையே இல்லை என்று சொன்னால் ஏற்றுக்கொள்வீர்களா? அவள் செய்தது அதுதான். சொன்னதும் அவளே தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

இதிலிருந்து ஒரு கைவிதி: எதையும் "~ 0" என்று எழுதாதீர்கள். பூஜ்ஜியத்தோடு விகிதம் எடுக்க முடியாது. அந்த எழுத்துக்குப் பொருளே இல்லை. கழித்து வந்த விடை பூஜ்ஜியம் என்று தோன்றும் கணமே, முன்னணி உறுப்புகள் அடிபட்டுப் போய்விட்டன, இன்னும் நுண்மையாகப் பார்க்க வேண்டும் என்று பொருள்.

எப்படிப் பார்ப்பது? முடிந்தால் கழித்தலைப் பெருக்கலாக்குங்கள். சைன் ம = டேன் ம × கொசைன் ம. ஆகவே

டேன் ம − சைன் ம = டேன் ம × (1 − கொசைன் ம) ~ ம × ம²/2 = ம³/2.

ம³-ஆல் வகுத்தால் 1/2. கால்குலேட்டரை எடுத்து 0.1 போட்டாள்: டேன் 0.1003347, சைன் 0.0998334, வேறுபாடு 0.0005013, 0.001-ஆல் வகுத்தால் 0.5013. தேய்ந்த இடத்தில் மறுபடி அழிக்காமல், பக்கத்தில் 1/2 என்று எழுதினாள்.

முன்னணி உறுப்புகள் அடிபடாதபோது கூட்டலில் மாற்றுவதில் தீங்கில்லை. டேன் ம + சைன் ம ~ 2ம என்பது சரி. வேறு வேறு வரிசைகளைக் கூட்டினாலும் பெரியதை மட்டும் வைத்துக்கொள்ளலாம்: பூஜ்ஜியத்தருகே சைன் ம + (1 − கொசைன் ம) ~ ம. ஆனால் ஏன் சரி என்று ஒவ்வொரு முறையும் ஒரு வரி எழுதுங்கள்.

முடிவிலியிலும் இதே கண்ணி உண்டு. √(ம² + ம) − ம, ம → ∞. √(ம² + ம) ~ ம என்பது உண்மை; அதை வைத்து ம − ம = 0 என்பது அதே பிழை. இணை எண்ணால், அதாவது நடுக்குறியை மாற்றிய √(ம² + ம) + ம-வால், பெருக்கி வகுத்தால் ம / (√(ம² + ம) + ம), இது வகுத்தல், ஆகவே பகுதியை 2ம-வால் மாற்றலாம், விடை 1/2. ம = 100-இல் 0.4988.

நிகர் என்றால் அருகில் என்று பொருளில்லை

ஒரு தவறான எண்ணத்தை இங்கே களைய வேண்டும். அ ~ ஆ என்றால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சிறியது என்று பலர் நினைக்கிறார்கள். விகிதம்தான் 1-ஐ நோக்கிப் போகிறது. வேறுபாடு முடிவிலிக்கே போகலாம். இதற்கு இராமானுஜனின் கணக்கைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

ஒரு முழு எண்ணை எத்தனை வகையில் கூட்டலாக எழுதலாம்? 4-ஐ 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என்று ஐந்து வகையில் எழுதலாம். 100-ஐ எழுதும் வகைகள் 19,05,69,292. இந்த எண்ணிக்கை ந-வோடு எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதற்கு இராமானுஜனும் ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஹார்டியும் 1918-இல் ஒரு நிகரைக் கொடுத்தார்கள்: எ-யின் அடுக்கில் பை × √(2ந/3) வைத்து, வந்ததை 4√3 × ந-வால் வகுங்கள். ந = 100-க்கு இது ஏறத்தாழ 19 கோடியே 93 லட்சம் தருகிறது. உண்மை எண்ணைவிட ஏறத்தாழ 87 லட்சம் கூடுதல், விகிதம் 1.046. ந = 1,000 என்றால் உண்மை எண்ணுக்கு 32 இலக்கம், விகிதம் 1.014. வேறுபாடோ 30 இலக்க எண்! வேறுபாடு பயங்கரமாக வளர, விகிதம் அமைதியாக 1-ஐ நோக்கி இறங்குகிறது. இதுதான் ~ குறி தரும் வாக்குறுதி. அதற்கு மேல் அது எதையும் தருவதில்லை.

அடுக்கில் ஏற்றாதீர்கள்

மேலே சொன்னதிலிருந்து உடனே ஓர் எச்சரிக்கை. முடிவிலியில் ம² + ம ~ ம². இரண்டையும் எ-யின் அடுக்கில் ஏற்றி விகிதம் எடுங்கள்: எ^ம வருகிறது, அது முடிவிலி. நிகராக இருந்தவை அடுக்கில் ஏறியதும் நிகராக இல்லை, ஏனென்றால் அடுக்கில் விகிதத்துக்கு வேலையில்லை, வேறுபாடுதான் பேசும்.

(1 + 1/ந)^ந கணக்கும் இதே குடும்பம். 1 + 1/ந ~ 1, ஆகவே 1^ந = 1 என்று எழுதிவிடத் தோன்றும். ந = 100 போட்டால் 2.7048; ந = 1,000 போட்டால் 2.7169. வட்டிக்கு வட்டி கணக்கிட்டுப் பார்த்த சுவிஸ் கணிதவியலாளர் யாக்கோப் பெர்னூலி 1683-இல் இந்த எல்லையைச் சந்தித்தார், இதுதான் எ. செய்யும் முறை: அடுக்கைக் கீழே இறக்குங்கள். மடக்கை எடுத்தால் ந × மடக்கை(1 + 1/ந); இது பெருக்கல்; ந × 1/ந = 1; திரும்ப ஏற்றினால் எ. மாறி அடியிலும் அடுக்கிலும் சேர்ந்து வரும் எல்லாக் கணக்குக்கும் இதுவே வழி.

லோபிதால் விதியைப் பற்றி

0/0 வந்தால் மேலும் கீழும் வகைக்கெழு (சார்பு மாறும் வீதம்) எடுக்கும் விதி 1696-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லோபிதால் வெளியிட்ட நூலில் வந்தது. நுண்கணிதத்துக்கான முதல் பாடநூல் அது. விதியைக் கண்டவர் அவருக்குக் கற்பித்த யோஹான் பெர்னூலி, யாக்கோப்பின் தம்பி. ஆண்டுக்கு 300 லிவ்ர் (பழைய பிரெஞ்சு நாணயம்) ஊதியத்துக்குத் தம் கண்டுபிடிப்புகளை எழுதி அனுப்ப ஒப்புக்கொண்டிருந்தார்.

விதி நல்லதுதான், ஆனால் முதல் ஆயுதமாக எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. சைன் ம × (எ^ம − 1) போன்ற பெருக்கல்களில் வகைக்கெழு எடுக்க எடுக்கக் கோவை பெருத்துக்கொண்டே போகும். நிகர் ஒரே வரியில் முடித்துவிடும். மேலும் வகைக்கெழுக்களின் விகிதத்துக்கு எல்லை இல்லை என்றால் விதி மௌனமாகிவிடுகிறது. (ம + சைன் ம)/ம, ம → ∞: விடை 1, பார்த்தாலே தெரியும், சைன் ம எல்லைக்குட்பட்டது, ம-வின் முன் அற்பம். விதியைப் போட்டால் 1 + கொசைன் ம வரும். அது ஊசலாடிக்கொண்டே இருக்கும். அதைக் கண்டு "எல்லை இல்லை" என்று எழுதுவது தவறு.

பெருக்கலாக்க முடியாதபோது

அன்று புறப்படும் முன் அவள் இன்னொன்று கேட்டாள். "சைன் ம − ம என்று வந்தால், மாமா? அதை எப்படிப் பெருக்கலாக்குவது?"

முடியாது. அங்கே நிகர் தோற்றுவிடுகிறது. அடுத்த உறுப்பையும் சேர்த்து எழுத வேண்டும். பூஜ்ஜியத்தருகே

சைன் ம = ம − ம³/6 + ஓ(ம³)
கொசைன் ம = 1 − ம²/2 + ஓ(ம²)
எ^ம = 1 + ம + ம²/2 + ஓ(ம²)
மடக்கை(1 + ம) = ம − ம²/2 + ஓ(ம²)

இவற்றில் இருப்பது ~ குறி அல்ல, = குறி. எறிந்த மிச்சம் ஓ-வுக்குள் பத்திரமாக இருக்கிறது, அதன் அளவும் எழுதப்பட்டிருக்கிறது. அதனால்தான் இவற்றைக் கூட்டவும் கழிக்கவும் முடிகிறது. எத்தனை உறுப்பு வரை எழுதுவது? அடிபட்டுப் போகாத முதல் உறுப்பு தென்படும் வரை. குறைவாக எழுதினால் பழைய பிழை. கூடுதலாக எழுதினால் நேரம்தான் வீண்.

சைன் ம − ம = −ம³/6 + ஓ(ம³). ம³-ஆல் வகுத்தால் −1/6.

நான் சொல்லி முடிப்பதற்குள் கால்குலேட்டரில் 0.1 போட்டுவிட்டாள். 0.0998334-இல் 0.1 போக −0.0001666. அதை 0.001-ஆல் வகுத்து, வந்த −0.1666-ஐத் தாளின் அடியில் எழுதி, வட்டம் ஒரே ஒரு முறை போட்டாள்.